சொத்து வரியில் ஓடும் பேருந்து: செட்டிநாட்டுக்கு ஒரு கணக்கு

வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு சின்னத் தொகையும் கட்டுகிறோம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ரூபாய்க்கு 10 காசு. 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. உள்ளாட்சி தன் வரியோடு வசூலித்து, நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். கோட்டையூரிலோ தேவகோட்டையிலோ ஒரு கிளை நூலகம் திறந்திருந்தால், அதில் அந்தத் தெரு வீடுகளின் காசும் இருக்கிறது.

பேருந்துக்கும் இப்படி ஒரு கூடுதல் வரி போடலாமா? போடலாம், போட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அந்தப் பணத்தில் என்ன வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எல்லாம் கெட்டுவிடும்.

தேவை என்னவென்று பார்ப்போம். செட்டிநாடு என்பது ஒரு நகரமும் அதன் புறநகரும் அல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் 70-க்கும் மேற்பட்ட ஊர்கள். நடுவில் காரைக்குடி. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், ஆத்தங்குடி, நாச்சியாபுரம், அந்தப் பக்கம் ராயவரம் என்று எல்லாத் திசையிலும் பத்து, இருபது கிலோமீட்டரில் ஊர்கள். பகலில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களுக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை. சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்குத்தான் சிக்கல், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வரும் பெண்ணுக்கும், மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போகிறவருக்கும் ‘இந்த ஊருக்குப் பஸ் உண்டு’ என்ற செய்தியால் ஒரு பயனும் இல்லை. கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல்.

இதை உள்ளூரிலேயே சரிசெய்ய ஏன் முடியவில்லை? 74-ஆவது திருத்தம் சேர்த்த அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கான 18 பணிகள் உள்ளன. 17-ஆவது வரிசையில் தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் உண்டு. பேருந்து இல்லை! நிறுத்தம் உள்ளாட்சியின் வேலை, அதில் வந்து நிற்கும் வண்டி வேறொருவர் பொறுப்பு. ஒரு காலத்தில் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் இருந்தது. 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்ற ஒரே பெயர் வந்தது. இன்று காரைக்குடி, கும்பகோணம் கோட்டத்தின் ஒரு மண்டலம். நடை கூட்டவோ குறைக்கவோ நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அது கோரிக்கை மட்டுமே. கையில் பணம் இருந்தால் அதே தீர்மானம் ஒரு கொள்முதல் ஆணையாகிவிடும். கூடுதல் வரியின் முழுப் பொருளும் இதுதான்.

அமெரிக்காவில் பல ஊர்கள் இதைத்தான் செய்கின்றன. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம் நமக்கு நல்ல ஒப்பீடு. பல்கலைக்கழக ஊர். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,13,934. காரைக்குடியின் 2011 கணக்கு 1,06,714, நம்மிடமும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சொத்து வரியை ‘மில்’ என்ற அளவில் சொல்வார்கள். வரிக்குரிய மதிப்பு 1,000 டாலருக்கு 1 டாலர் என்றால் அது 1 மில். 2014 மே மாதம் பேருந்து விரிவாக்கத்துக்காக மட்டும் 0.7 மில் கூடுதல் வரி கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள், ஐந்தாண்டுக்கு மட்டும். ஒரு லட்சம் டாலர் வரி மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 70 டாலர். பெரும்பான்மையோடு நிறைவேறியது. எந்தத் தடத்தில் இரவு எவ்வளவு நேரம் நீளும், வாரக்கடைசியில் எது கூடும் என்ற ஐந்தாண்டுத் திட்டத்தை வாக்குக்கு முன்பே மக்கள் கையில் கொடுத்திருந்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதே மாநிலத்தில் 2016 நவம்பரில் டெட்ராய்ட் வட்டாரம் முழுக்க 1.2 மில், இருபது ஆண்டுக்கு என்று கேட்டபோது சிறிய வித்தியாசத்தில் தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் தொகை பெரிதாகவும் காலம் நீண்டும் போகும்போது, ‘என் தெருவுக்கு என்ன’ என்ற கேள்விக்குப் பதில் மங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி நம் ஊர்க் கணக்கு. கீழே வரும் தொகைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் உள்ளாட்சியின் வரவு செலவு அறிக்கையிலிருந்து உண்மைத் தொகையை எடுத்து இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஒரு மாநகராட்சியின் ஆண்டுச் சொத்து வரிக் கேட்பு, அதாவது கட்டச் சொல்லும் மொத்தத் தொகை, 10 கோடி ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் 5 சதவீதம் என்றால் 50 லட்சம். கேட்பு வேறு, வசூல் வேறு. நூற்றுக்கு 80 வந்தால் கையில் 40 லட்சம். ஒரு புதிய பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 60 ரூபாய் என்றால் நாளைக்கு 12,000. ஆண்டில் 360 நாள் ஓடினால் 43 லட்சத்து 20 ஆயிரம். டிக்கெட் வசூல் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் வந்தால் 18 லட்சம் கழியும். பற்றாக்குறை 25 லட்சத்து 20 ஆயிரம். ஆக, மொத்த ஊரும் 5 சதவீதம் கூடுதலாகக் கட்டினால் ஒன்றரைப் பேருந்து.

ஒன்றரைப் பேருந்துக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். அதனால்தான் வண்டி வாங்கக் கூடாது, நடை வாங்க வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே இருக்கும் வண்டி மாலையில் டிப்போவுக்குத் திரும்பாமல், 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு மூன்று முறை போய் வந்தால் 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் எண்ணெய்ச் செலவு 1,656. டயர், பராமரிப்புக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வைத்தால் 450. ஓட்டுநர், நடத்துநர் கூடுதல் பணிக்கு 2,800. ஆக 4,906. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 18 லட்சம். வண்டியின் விலை, வட்டி, தேய்மானம், காப்பீடு எல்லாம் பகல் ஓட்டத்திலேயே ஏறிவிட்டதால் மாலை நடை இவ்வளவு மலிவாகிறது. டிக்கெட் வசூலே இல்லை என்று வைத்தாலும் 40 லட்சத்தில் இரண்டு தடங்களுக்கு இரவு நடை கிடைத்துவிடும். வசூலையும் சேர்த்தால் மூன்றாவது தடத்தையும் தொடலாம்.

வசூல் பற்றி ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தத் தொகையைக் கழகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. கிராமத்துத் தடங்களில் ஏறுகிறவர்களில் பெண்களே அதிகம் என்றால், நடத்துநர் பையில் விழும் காசை மட்டும் பார்த்து ‘தடம் நஷ்டம்’ என்று எழுதுவது தவறு. கட்டணமில்லா டிக்கெட்டின் எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும். புதிய நடை நகரப் பேருந்தாகவே வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். புறநகர் வண்டியாக வந்தால் பெண்கள் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டியிருக்கும்; யாருக்காக வரி போட்டோமோ அவர்களுக்கே இரட்டைச் செலவு.

வரியை யார் மேல் எப்படிப் போடுவது என்பது செட்டிநாட்டில் தனிப் பிரச்சினை. இந்த மண்ணுக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. நகரத்தார் கோயில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் புள்ளி வரி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். திருமணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. வசதி பார்க்காமல் எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை. சொத்தின் அளவுக்கு ஏற்ப வாங்கிய ஆஸ்தி வரியும் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்பதா, உடைமைக்கு இவ்வளவு என்பதா என்ற வாதத்தைப் பேருந்து வரிக்கும் அப்படியே நடத்தலாம். என் பக்கம் ஆஸ்தி வரிதான். வீட்டுக்கு ஆண்டு 200 ரூபாய் என்று சமமாகப் போட்டால், ஓட்டு வீடும் மூன்று மாடி வணிகக் கட்டடமும் ஒன்றாகிவிடும். சொத்து வரியில் சதவீதமாகப் போட்டால் 1,000 சதுர அடி வீட்டின் அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்ற கணக்கில் 5 சதவீதம் 75 ரூபாய். மாதத்துக்குப் பன்னிரண்டரை ரூபாய்.

பெரிய வீடுகள்தான் இடிக்கும். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டுக்குப் பரப்பை வைத்துக் கணக்கிடும் வரி தானாகவே பெரிதாகும். உள்ளே குடியிருப்பவர் ஒரு காவலாளாக இருக்கலாம். பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். அரையாண்டு வரி 30,000 என்றால் கூடுதல் 1,500. இருபத்து நான்கு பங்குக்கு வகுத்தால் ஆளுக்கு அறுபத்து இரண்டரை ரூபாய். தொகையைப் பார்த்தால் சுமை இல்லை. வகுத்து வசூலிப்பதுதான் சுமை. வரிவிதிப்பு எண் தாத்தாவின் பெயரில் நிற்கும், கேட்பு அறிவிப்பு பூட்டிய கதவில் செருகப்பட்டுக் கிடக்கும். ஒரு பங்காளி மட்டும் கட்டினால் ரசீதைக் காட்டி நாளை உரிமை கொண்டாடுவாரோ என்று மற்றவருக்குத் தயக்கம். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தயக்கம் போவதில்லை. ஒரே வரிவிதிப்பு எண்ணுக்குப் பல பேர் தம் பங்கை இணையத்தில் தனித்தனியாகக் கட்டவும், ஒவ்வொருவருக்கும் ‘பகுதிச் செலுத்தல்’ என்று தனி ரசீது கிடைக்கவும் வழி செய்தால் நிலுவை கணிசமாகக் குறையும். கூடுதல் வரி கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

பெரிய வீட்டுக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பிரித்து விற்றுவிட்டு வீட்டைத் தரைமட்டமாக்கும் ஆசைக்கு வரியும் ஒரு சாக்காகிவிடக் கூடாது. 2014-ல் இந்த ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அந்தத் தெருக்கள் இருப்பதால்தான் பயணிகள் வருகிறார்கள், பேருந்துக்கும் ஆள் சேருகிறது. வீட்டை விடுதியாக மாற்றியவர்கள் வேறு. அவர்கள் வணிகக் கட்டடத்துக்கான விகிதத்தில் கட்டட்டும். இன்னொரு பக்கம், காலி மனைகளை விட்டுவிடக் கூடாது. புறவழிச்சாலை ஓரம் கல் நட்டுக் கிடக்கும் மனைக்குப் பேருந்து வந்தால் விலை ஏறுகிறது, உரிமையாளர் ஒரு நாளும் அதில் ஏறாவிட்டாலும். காலிமனை வரி ஏற்கெனவே இருப்பதால் அதன்மேலும் அதே சதவீதம் போடலாம். சிறு வீடுகளுக்கு முழு விலக்கு கொடுக்கலாம். லண்டனில் கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதைக்காக 2010-ல் வணிகக் கட்டடங்கள் மேல் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி போட்டபோது, வரி மதிப்பு 55,000 பவுண்டுக்குக் கீழே இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். இங்கே 600 சதுர அடி என்ற கோடு மக்களுக்குப் பழக்கமானது. 2022 சொத்து வரி உயர்வில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்திருந்தார்கள். அந்த உயர்வின் வலி இன்னும் ஆறவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் 5 சதவீதத்தை ஒரே அடியாகப் போடாமல் 2 சதவீதத்தில் தொடங்கி, ஒரு தடத்தை ஓட்டிக் காட்டிவிட்டு ஏற்றுவதே நல்லது.

அடுத்தது எல்லைத் தகராறு. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் வந்தன. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பேரூராட்சிகள் வெளியே நிற்கின்றன. ஆத்தங்குடி ஊராட்சி. ராயவரம் வேறு மாவட்டம். ஒரே தடத்தில் ஓடும் வண்டி நாலு உள்ளாட்சியைத் தாண்டும். ஒன்று கட்டி மற்றொன்று கட்டாவிட்டால்? டெட்ராய்ட் புறநகரில் இதை முழுதாக அனுபவித்தார்கள். ஸ்மார்ட் என்ற பேருந்து அமைப்பின் வரியிலிருந்து விலகிக்கொள்ள ஊர்களுக்கு அனுமதி இருந்தது; விலகிய ஊருக்குச் சேவை கிடையாது. வேலைக்குப் போகிறவருக்கு நடுவில் ஓட்டை விழுந்த வரைபடம். ஓக்லாந்து மாவட்டத்தில் 2022 நவம்பரில் மாவட்டம் முழுக்க ஒரே வாக்கெடுப்பு வைத்துத்தான் அதை மூடினார்கள். இங்கே தொடக்கத்திலேயே தடத்தை அலகாகக் கொள்ள வேண்டும். ஒரு தடத்தின் ஆண்டுச் செலவில் பாதியை, அந்தந்த எல்லைக்குள் ஓடும் கிலோமீட்டர் விகிதத்திலும், மறுபாதியை ஏறி இறங்கும் பயணிகளின் விகிதத்திலும் பிரிக்கலாம். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால், ஊர் நீளமாக இருக்கும் ஒரே காரணத்துக்காக ஏழை ஊராட்சி அதிகம் கட்டும். பயணிகளை மட்டும் பார்த்தால் எல்லாம் காரைக்குடி தலையில் விழும்.

நூலக வரியில் எது தவறியது என்பதையும் படித்துக்கொள்ள வேண்டும். வசூலித்த உள்ளாட்சி அதைப் பொது நிதியில் கலந்துவிடும். சம்பளம், மின்கட்டணம் என்று செலவானபின் நூலகத்துக்குத் தர வேண்டியது நிலுவையாக நிற்கும். மாநிலத்தின் பல உள்ளாட்சிகளில் நடந்தது இதுதான். யாரும் திருடவில்லை, ஆனால் பணம் போய்ச் சேரவில்லை. பேருந்துப் பணம் கட்டிய நொடியிலேயே பிரிய வேண்டும். இணையத்தில் கட்டினாலும் வரி வசூல் மையத்தில் கட்டினாலும் அந்தத் தொகை நேரே தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், உள்ளாட்சியின் பொதுக் கணக்கைத் தொடவே கூடாது. நிலுவைதாரர் பாதித் தொகை கட்டினால் பேருந்துப் பங்கும் பாதி வர வேண்டும். இந்த விதியை எழுதாவிட்டால், வந்த பணம் முதலில் பழைய பாக்கிக்குப் போய், பேருந்துக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? நகர்மன்றம் தானாக ஒரு புது வரியைக் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தின் ஆணையின்றி வரி இல்லை என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. எந்த வரியை நகராட்சி போடலாம் என்று மாநிலச் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது 243எக்ஸ். ஆகவே நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும், ஊர்களுக்காக 1994 ஊராட்சிகள் சட்டத்திலும் ஒரு திருத்தம் தேவை. கர்நாடகம் அதைச் செய்திருக்கிறது. பெங்களூரில் சொத்து வரியோடு 2 சதவீதம் நகர்ப்புறப் போக்குவரத்து செஸ் கட்டுகிறார்கள். மத்திய அரசின் பிஎம் இ-பஸ் சேவா என்ற மின்சாரப் பேருந்துத் திட்டத்துக்காகக் காத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2023-ல் வந்த அந்தத் திட்டம் அடிப்படையில் 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கானது. காரைக்குடி அந்தக் கணக்கில் வராது.

பணம் வந்தபின் நடையை எப்படி வாங்குவது? மொத்தமாக மானியம் என்று கொடுத்தால் அது கழகத்தின் பொதுக் கடலில் கரைந்துவிடும். ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும், மாத முடிவில், ஜிபிஎஸ் பதிவையும் டிக்கெட் மெஷின் பதிவையும் ஒப்பிட்டுத்தான் தர வேண்டும். ஜிபிஎஸ் மட்டும் போதாது. வண்டி ஊருக்குள் நுழையாமல் விலக்கிலேயே திரும்பியதா என்று அந்த நிறுத்தத்தில் போடப்பட்ட டிக்கெட் காட்டிக்கொடுக்கும். நடை ரத்தானால் அந்தத் தொகை கிடையாது. மாதத்தில் ஐந்துக்கு மேல் ரத்தானால் அபராதமும் உண்டு என்று வையுங்கள். இரவு நடைக்கு இது மிக முக்கியம். ஒரு நாள் வராத கடைசிப் பேருந்தை அடுத்த நாள் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குள் ஷேர் ஆட்டோவுக்கும் இரண்டு சக்கர வண்டிக்கும் மாறிவிடுவார்கள். பிறகு ‘ஆள் இல்லை’ என்று நடையை எடுத்துவிடுவார்கள்.

நேர நிர்ணயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடக்கும் டைமிங் கூட்டத்தில், தங்கள் வண்டிக்குப் பத்து நிமிடம் முன்னால் புது நடை வருவதைத் தனியார் பேருந்து உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு, இரவு எட்டு மணி வரை பல தடங்களில் சேவை தருபவர்கள் அவர்களே. எனவே வரிப் பணத்தை அவர்கள் ஓடாத நேரத்தில் மட்டும் போடுங்கள். எட்டு மணிக்குமேல் கிடக்கும் வெற்றிடத்தில் யாருக்கும் ஆட்சேபம் வராது. உள் ஊர்களுக்கு மினி பஸ் உரிமையாளரிடமே இரவு நடையைக் கிலோமீட்டர் விலைக்கு வாங்குவதையும் யோசிக்கலாம். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரும்பாலான ஊர்களுக்கு அது போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நைட் ஹால்ட். இரவு ஒன்பதரைக்கு ஊர் போய்ச் சேரும் வண்டி அங்கேயே தங்கி, விடியற்காலை ஐந்தரைக்கு முதல் நடையாகக் கிளம்பினால், வெறும் வண்டியாக டிப்போவுக்குப் போய் வரும் 30 கிலோமீட்டர் மிச்சம். மேலே போட்ட கணக்கில் எண்ணெயும் டயர், பராமரிப்பும் சேர்ந்து நாளுக்கு 702 ரூபாய், ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பல ஊர்களில் ஹால்ட் பஸ் நின்றுபோனதற்கு ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க இடமில்லாததும் ஒரு காரணம். வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் தூங்கி எழுந்து, கழிப்பறைக்குக் கண்மாய்க்கரை போக வேண்டியிருந்தால் யார் அந்தப் பணியைக் கேட்டு வாங்குவார்கள்? பூட்டக்கூடிய ஓர் அறை, இரண்டு கட்டில், மின்விசிறி, தண்ணீர் வரும் கழிப்பறை, வண்டி நிற்குமிடத்தில் ஒரு விளக்கு. இதை ஊராட்சி தன் நிதியில் கட்டித் தரலாம், பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்பு அறையைப் பங்காளிகள் சம்மதத்தோடு வாடகைக்கும் எடுக்கலாம். அந்த வாடகையை அவர்கள் கட்ட வேண்டிய பேருந்து வரியில் கழித்துக்கொள்ள விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.